சர்வருக்கு மூச்சு முட்டும்போது

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் செனாயைச் சேர்ந்த கணினிப் பராமரிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எனக்கு முன்னால் பேசியவர்கள் இணையத்தில் கடை திறப்பது எப்படி, வாடிக்கையாளரைக் கவர்வது எப்படி என்றெல்லாம் அழகாகச் சொன்னார்கள். நான் பேசப் போவது அந்தக் கடையின் பின்கட்டைப் பற்றி. அகப்பக்கம் திறக்க மறுக்கிறது, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, உள்ளே சர்வரைப் பார்த்தால் பிராசஸர் நூற்றுக்கு நூறு என்று காட்டுகிறது. அப்போது என்ன செய்வது? அதைவிட முக்கியம், என்ன செய்யக் கூடாது?

2021ஆம் ஆண்டு மே மாதம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அஸ்ட்ராஜெனெகா தடுப்பூசிக்கு இணையத்தில் இடம் பிடிக்க வேண்டியிருந்தது. மே 2ஆம் தேதி சிலாங்கூர், கோலாலம்பூர் மக்களுக்காகத் திறக்கப்பட்ட இரண்டு லட்சத்து 68 ஆயிரத்துச் சொச்சம் இடங்கள் அன்று மாலைக்குள் தீர்ந்துவிட்டன. மே 26ஆம் தேதி நண்பகல் 12 மணிக்கு இரண்டாவது சுற்று. நம் ஜொகூரும் அதில் சேர்ந்திருந்தது. இந்த முறை ஒன்பதரை லட்சத்துக்கும் அதிகமான இடங்கள். மணி 12 அடித்ததும் நாடே ஒரே வாசலில் போய் முட்டியது. பலருக்குப் பக்கம் திறக்கவில்லை. சிலருக்குத் திறந்து, பாதியில் நின்றது. தடுப்பூசித் திட்டத்தை ஒருங்கிணைத்த அமைச்சர் கைரி ஜமாலுடின் அந்தக் குளறுபடிக்காக மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். கோவிட் உயிர்களைப் பறித்துக்கொண்டிருந்த நேரம் அது. வீட்டில் வயதான தாய் தகப்பனை வைத்துக்கொண்டு கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, சர்வர் மெதுவாக இருப்பது வெறும் தொழில்நுட்பச் செய்தி அல்ல.

இதே அவஸ்தையைச் சிறிய அளவில் நான் நேரில் பட்டிருக்கிறேன். 2009ஆம் ஆண்டு, அக்டோபர் 17 தீபாவளி. அதற்குப் பத்து நாளைக்கு முன்பு ஒரு விரைவுப் பேருந்து நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. பெயர் வேண்டாம். இணையத்தில் டிக்கெட் விற்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர்களுடைய சர்வர் செனாயில் ஒரு கடைவீட்டின் மாடியில், குளிர்சாதனம் போட்ட சின்ன அறையில் இருந்தது. நான் போனபோது முதலாளி வாசலிலேயே நின்றார். லார்க்கின் பேருந்து நிலையத்தில் அவருடைய கவுண்டர் முன்னால் பெரிய சண்டை. வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை என்று ஜனங்கள் சத்தம் போடுகிறார்கள். சிங்கப்பூரில் வேலை செய்கிற பையன்கள், தீபாவளிக்கு ஈப்போவுக்கும் பினாங்குக்கும் போக வேண்டியவர்கள். கவுண்டரில் இருந்த பெண் அழுதுவிட்டாராம்.

"தம்பி, பெரிய மெஷின் ஒன்னு வாங்கிப் போட்டா சரியாயிடுமா? பதினெட்டாயிரம் வெள்ளி சொல்றாங்க. இன்னிக்கே வேணும்னாலும் எடுத்துருவோம்" என்றார். பக்கத்தில் நிரல் எழுதிய பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். தீபாவளி முடிந்ததும் அவனை அனுப்பிவிடுவது என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்று நான் செய்த முதல் காரியம் தவறு. சர்வரை நிறுத்தித் திரும்பப் போட்டேன். நான்கு நிமிடம் எல்லாம் பிரமாதமாக ஓடியது. முதலாளி முகத்தில் சிரிப்பு. ஐந்தாவது நிமிடம் பழையபடி. நோய் போகவில்லை, அந்த நேரத்தில் எது ஓடிக்கொண்டிருந்தது என்ற தடயம்தான் போய்விட்டது. வைத்தியர் நாடி பிடிப்பதற்கு முன்னால் நோயாளியைக் குளிப்பாட்டி உட்கார வைத்தது போல.

இரண்டாவது காரியம் அதைவிட மோசம். அப்பாச்சி என்கிற வலைச் சர்வர் மென்பொருளில், ஒரே நேரத்தில் எத்தனை பேரைக் கவனிக்கலாம் என்று ஒரு எண் உண்டு. அது 150 என்று இருந்தது. வாடிக்கையாளர் அதிகம், ஆட்களைக் கூட்டுவோம் என்று 400 ஆக்கினேன். ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய 20 எம்பி நினைவகம் வேண்டும். 150 பேருக்கு 3 ஜிபி. 400 பேருக்கு 8 ஜிபி. இயந்திரத்தில் இருந்ததோ 4 ஜிபி. மிச்சத்துக்கு அது ஹார்ட் டிஸ்க்கை நினைவகமாகப் பாவிக்கத் தொடங்கியது. ரொட்டி சானாய்க் கடையில் கல் ஒன்றுதான் இருக்கிறது. மாவு தட்ட நாற்பது பேரை நிறுத்தினால் என்ன ஆகும்? ஒருவர் கையை ஒருவர் இடித்துக்கொண்டு, போட்ட ரொட்டியும் கருகும். அதுதான் ஆனது.

மூன்றாவது தடவைதான் எனக்குப் புத்தி வந்தது. எதையும் தொடாமல் உட்கார்ந்து பார்த்தேன்.

லினக்ஸ் சர்வர்களில் டாப் என்ற கட்டளை உண்டு. அதைத் தட்டினால் பிராசஸர் யாருக்காக உழைக்கிறது என்பதைப் பிரித்துக் காட்டும். பலர் 'நூறு சதவீதம்' என்ற ஒற்றை எண்ணை மட்டும் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். அந்த நூறுக்குள்ளே என்ன இருக்கிறது என்பதில்தான் விஷயம். யுஎஸ் என்பது நம்முடைய நிரல்களும் தரவுத்தளமும் செய்கிற வேலை. எஸ்ஒய் என்பது இயங்குதளம் தனக்குத்தானே செய்துகொள்கிற நிர்வாக வேலை. டபிள்யூஏ என்பது வேலையே அல்ல. டிஸ்க் பதில் தரட்டும் என்று காத்துக்கிடக்கும் நேரம். அது உயர்ந்திருந்தால் பிராசஸரைத் திட்டிப் பயனில்லை. டிஸ்க்கையோ, நினைவகப் பற்றாக்குறையையோ பார்க்க வேண்டும். எஸ்டி என்று இன்னொன்று உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

மேல் வரியில் லோட் ஆவரேஜ் என்று மூன்று எண்கள் தெரியும். கடந்த ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடங்களில் சராசரியாக எத்தனை வேலைகள் ஓடிக்கொண்டோ வரிசையில் நின்றுகொண்டோ இருந்தன என்பது அதன் பொருள். லினக்ஸில் டிஸ்க்குக்காகக் காத்திருப்பவையும் இந்தக் கணக்கில் சேரும். இதனால் பிராசஸர் சும்மா இருக்கும்போதுகூட இந்த எண் உயரலாம். புதியவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். நான்கு கோர் உள்ள இயந்திரத்தில் நான்கு என்றால் எல்லாக் கோருக்கும் வேலை இருக்கிறது, வரிசை இல்லை. அன்று அந்த மாடியறையில் நான் பார்த்த எண் 70ஐத் தாண்டியிருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சர்வர் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகாமல், நன்றாக ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று ஏன் படுத்துவிடுகிறது? இதற்கு விடை தேடத் தொடங்கியவர் கணினிக்காரர் அல்லர், தொலைபேசிக்காரர். டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகனில் ஆக்னர் எர்லாங் என்ற கணித அறிஞர், தொலைபேசி அழைப்புகள் எப்படி நெரிசலாகின்றன என்று 1909ஆம் ஆண்டிலேயே கட்டுரை வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்த வரிசைக் கணிதம் சொல்வது இதுதான். ஒரே ஒரு டோல் கவுண்டர். வண்டிகள் தாறுமாறான இடைவெளியில் வருகின்றன. கவுண்டர் பாதி நேரம் வேலையாக இருந்தால், ஒரு வண்டி கடந்துபோக ஆகும் மொத்த நேரம் ஆளில்லாதபோது ஆவதைப் போல இரண்டு மடங்கு. 80 சதவீதம் வேலை என்றால் ஐந்து மடங்கு. 90 என்றால் பத்து மடங்கு. 95 என்றால் இருபது மடங்கு. 80க்கும் 95க்கும் இடையே உள்ள தூரம் சின்னதாகத் தெரியும், வாடிக்கையாளருக்கோ அது நான்கு மடங்கு காத்திருப்பு. "நேற்று வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு" என்று எல்லா முதலாளிகளும் சொல்வது இதனால்தான். நேற்று 80இல் ஓடியது.

அத்தோடு நம் ஜனங்களின் கை சும்மா இருக்காது. பக்கம் வரவில்லையா, இன்னொரு தட்டு. அப்படியும் வரவில்லையா, மனைவியின் கைப்பேசியிலும் ஒரு தட்டு. நீங்கள் இரண்டாவது தடவை தட்டியதும் முதல் வேலையைச் சர்வர் தூக்கிப் போட்டுவிடும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் அதையும் முடித்துவிட்டுத்தான் ஓயும், வாங்கிக்கொள்ள ஆளே இல்லாவிட்டாலும். ஒரு ஆளுக்கு ஐந்து வேலை. தடுப்பூசிப் பதிவு போன்ற நாட்களில் கூட்டம் தன்னைத்தானே பெருக்கிக்கொள்வது இப்படித்தான்.

சரி, மாடியறைக்கு வருகிறேன். டாப் காட்டிய பட்டியலில் முதலிடத்தில் நின்றது வலைச் சர்வர் அல்ல, மைஎஸ்கியூஎல் என்கிற தரவுத்தளம். அதற்குள் நுழைந்து, இப்போது என்னென்ன கேள்விகளுக்கு விடை தேடிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டேன். அதற்கும் ஒரு கட்டளை உண்டு. வரி வரியாக ஒரே கேள்வி: இந்தத் தேதியில் இந்தப் பேருந்தில் எந்தெந்த இருக்கை காலி? மெதுவான கேள்விகளைக் குறித்து வைக்கும் பதிவேட்டையும் திறந்துவிட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தட்ட 0.4 வினாடி பிராசஸர் நேரம் பிடித்தது.

பையனைக் கூப்பிட்டு, "இந்தப் பக்கம் எத்தனை வினாடிக்கு ஒரு தடவை இதைக் கேட்குது?" என்றேன். "அஞ்சு வினாடிக்கு ஒரு தடவை அண்ணே. இருக்கைப் படம் தானா மாறணும்னு முதலாளி சொன்னாரு" என்றான். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். பக்கத்தைத் திறந்து வைத்திருப்பவர்கள் 300 பேர். ஐந்து வினாடிக்கு ஒன்று என்றால் வினாடிக்கு 60 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 0.4 வினாடி. ஆக ஒவ்வொரு வினாடியும் 24 வினாடி உழைப்பு தேவை. நான்கு கோர் இயந்திரம் ஒரு வினாடியில் தரக்கூடியது நான்கு வினாடிதான். முதலாளி வாங்க நினைத்த பெரிய மெஷினில் எட்டுக் கோர். அதையும் வாங்கியிருந்தால் பதினெட்டாயிரம் வெள்ளியும் போய், தீபாவளியும் போயிருக்கும்.

ஒரு கேள்விக்கு 0.4 வினாடி ஏன்? டிக்கெட் அட்டவணையில் இரண்டு வருடத்தில் ஆறு லட்சம் வரிகள் சேர்ந்திருந்தன. தேதியையும் பேருந்தையும் வைத்துத் தேட அதில் இண்டெக்ஸ் இல்லை. அகராதியில் சொற்கள் அகர வரிசையில் இல்லாமல் கண்டபடி இருந்தால் ஒரு சொல்லுக்காக முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்ட வேண்டும் அல்லவா? தரவுத்தளம் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. வரிசைப்படுத்தி வைத்திருந்தால், நடுவில் திறந்து முன்னாலா பின்னாலா என்று பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போகலாம். ஆறு லட்சம் வரிகளில் அதிகம் போனால் இருபது தடவை ஒப்பிட்டால் போதும். ஆறு லட்சம் எங்கே, இருபது எங்கே!

பையனைக் குறை சொல்வதா? அவன் எழுதியபோது அட்டவணையில் மூவாயிரம் வரிதான். அத்தனையையும் புரட்டினாலும் கண் இமைக்கும் நேரம். வியாபாரம் வளர வளரத்தான் அந்தக் குறை வெளியே வந்தது. ஓடாத கடைக்கு இந்த நோய் வருவதில்லை. சோதித்துப் பார்க்கப் பெரிய தரவு எதுவும் அவனுக்கு யாரும் கொடுத்திருக்கவும் இல்லை.

எல்லா நேரமும் காரணம் இப்படி நேர்மையாக இருக்காது. வருகிறவர்கள் மனிதர்கள்தானா என்று முதலில் பாருங்கள். யார் யார் எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்று சர்வர் எழுதி வைக்கும் பதிவேட்டில், முகவரி வாரியாக எண்ணினால் தெரிந்துவிடும். இந்திய ரயில்வேயின் ஐஆர்சிடிசி டிக்கெட் தளம் 2002இல் தொடங்கியது. ஒரு நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த அதன் திறனை 2014இல் 7,200 ஆக உயர்த்தினார்கள். அடுத்த ஆண்டு, தட்கல் நெரிசலை உடைக்கக் குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றதற்கு 11 மணி என்று நேரத்தையே பிரித்தார்கள். இது எனக்குப் பிடித்த வைத்தியம், இயந்திரத்தைத் தொடவே இல்லை பாருங்கள். ஆனாலும் 2025இல் ரயில்வே சொன்ன தகவல் என்ன? தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடத்தில் உள்ளே நுழைய முயல்வதில் பாதி வரை தானியங்கி நிரல்களாம். சென்னையில் உட்கார்ந்து ஊருக்கு டிக்கெட் தேடுகிற ஒரு தாய் போட்டி போடுவது இன்னொரு தாயோடு அல்ல.

நம் சின்னக் கடைகளுக்கும் இப்போது இதே தொல்லைதான். தேடுபொறிகள் வந்து பக்கங்களைப் படித்துப் போவது பழைய வழக்கம். எங்கெங்கே வரக் கூடாது என்று ரோபோட்ஸ் கோப்பில் எழுதி வைக்கும் முறை 1994இலேயே வந்துவிட்டது. ஆனால் அது வாசலில் மாட்டிய அறிவிப்புப் பலகைதான், பூட்டு அல்ல. செயற்கை நுண்ணறிவுக்குப் பாடம் சேகரிக்கிற நிரல்களில் சில அந்தப் பலகையைத் திரும்பியும் பார்ப்பதில்லை. தேதி, விலை, நிறம் என்று வடிகட்டும் பக்கங்கள் உங்கள் தளத்தில் இருந்தால் அவை ஒவ்வொரு சேர்க்கையையும் ஒரு புதுப் பக்கமாக நினைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கும். அப்போது பூட்டுத்தான் போட வேண்டும். ஒரு முகவரியிலிருந்து நிமிடத்துக்கு இத்தனை தடவைதான் என்று வரம்பு கட்டுங்கள்.

திருடன் வீட்டுக்குள்ளேயே இருப்பதும் உண்டு. இரவு மூன்று மணிக்கு வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை, பிராசஸர் மட்டும் நூறில் நிற்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். உங்கள் மின்சாரத்தில் யாரோ மின்னாணயம் தோண்டிக்கொண்டிருக்கலாம். கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஐ என்ற பெயரில் ஒன்று சில வருடங்களுக்கு முன் பல சர்வர்களில் புகுந்தது. லினக்ஸின் சொந்த வேலை ஒன்றின் பெயரோடு ஓர் எழுத்தை மட்டும் கூடுதலாக ஒட்டிக்கொண்டு மாறுவேடம் போட்டிருந்தது. அதை நிறுத்தினால் ஒரு நிமிடத்தில் திரும்ப எழுந்துவிடும். எழுப்பிவிடும் கூட்டாளி வேறு பெயரில் ஒளிந்திருக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் துடைத்துக்கொண்டு உட்காராதீர்கள். தரவை மட்டும் எடுத்துக்கொண்டு, நுழைந்த ஓட்டையை அடைத்து, புதிதாக நிறுவிவிடுவதுதான் நல்லது.

எஸ்டி பற்றிச் சொல்கிறேன் என்றேனே, அது வாடகை வீட்டுப் பிரச்சினை. இப்போது பெரும்பாலும் நாம் பாவிப்பது முழு இயந்திரம் அல்ல. பெரிய இயந்திரத்தில் ஓர் அறை. பக்கத்து அறைக்காரர் அதிகம் உழைத்தால் உங்கள் முறை தள்ளிப்போகும். அந்தக் களவுக் கணக்குத்தான் எஸ்டி. அது உயர்ந்திருந்தால் உங்கள் நிரலில் குற்றமில்லை. வாடகைக்கு விட்டவரிடம் பேசுங்கள், அல்லது வீடு மாறுங்கள். மலிவுத் திட்டங்கள் சிலவற்றில் அமைதியாக இருக்கும் நேரத்தில் சேமித்த உழைப்பை நெரிசலில் செலவழிக்க விடுவார்கள். சேமிப்பு தீர்ந்ததும் வேகத்தைக் கட்டிவிடுவார்கள். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

செனாயிலிருந்து கூலாய், செடெனாக் பக்கம் போனால் இன்று தரவு மையங்கள் வரிசையாக எழுந்து நிற்கின்றன. பக்கத்திலேயே இவ்வளவு பெரிய இயந்திரங்கள் இருக்கும்போது இரண்டு வெள்ளி கூடக் கொடுத்தால் வேகம் வந்துவிடாதா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. வரும், சில நேரம். இண்டெக்ஸ் இல்லாத அட்டவணையை அங்கே கொண்டுபோய் வைத்தாலும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைதான் புரட்டும். கொஞ்சம் வேகமாகப் புரட்டும், பில்லும் வேகமாக ஏறும்.

அன்றிரவு என்ன நடந்தது என்று சொல்லி முடிக்கிறேன். இண்டெக்ஸ் போடுவது ஒரே ஒரு வரிதான். ஆனால் அந்தக் காலத்து மைஎஸ்கியூஎல், இண்டெக்ஸ் போடும்போது அட்டவணை முழுவதையும் நகல் எடுக்கும். அதுவரை யாரும் டிக்கெட் வாங்க முடியாது. நடுவில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. முதலில் முழுத் தரவையும் வேறொரு கணினிக்கு நகல் எடுத்தோம். அதில் ஒத்திகை பார்த்தோம். பிறகு அதிகாலை மூன்று மணிக்கு, முதலாளியிடம் அனுமதி வாங்கி விற்பனையை நிறுத்தினோம். அந்த ஒரு வரியைப் பையனே தட்டட்டும் என்று நாற்காலியை விட்டு எழுந்தேன். ஏழு நிமிடம். ஒருவரும் பேசவில்லை, குளிர்சாதனச் சத்தம் மட்டும்தான்.

முடிந்ததும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தோம். ஆயிரத்தில் ஒரு வினாடியில் விடை வந்தது. 400ஐப் பழையபடி 150 ஆக்கினேன். ஐந்து வினாடியை இருபது ஆக்கினோம். விடிந்து, லார்க்கின் கவுண்டர் திறந்து, கூட்டம் ஏறியபோதும் லோட் ஆவரேஜ் ஒன்றைத் தாண்டவில்லை. பணம் போய் டிக்கெட் வராதவர்களின் பட்டியலை வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டு எடுக்கத்தான் இன்னும் இரண்டு நாள் ஆனது. அதையும் பையனே உட்கார்ந்து செய்தான். தீபாவளிக்குப் பிறகும் அவன் அங்கேதான் இருந்தான்.

முதலாளி தே தாரிக் வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "தம்பி, ஒரு வரிதானே தட்டுனீங்க, அதுக்கு எவ்ளோ பில் போடுவீங்க?"